முகாமுக்கு வராதவரையும் மாடலுக்குள் கொண்டுவருவது எப்படி? ஸ்கிரீனிங் சிமுலேஷன் எழுத வருகிறவர்களுக்கு

புற்றுநோய் ஸ்கிரீனிங்குக்கு (அறிகுறி இல்லாதவர்களையும் அழைத்துப் பரிசோதிப்பதற்கு) முதன்முதலாக சிமுலேஷன் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் நோயின் மேல்தான் நேரத்தைச் செலவிடுகிறார்கள். கிருமி தொற்றுவது, செல் மாறுவது, புற்றாவது என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் ஆய்வுக் கட்டுரைகளைத் துருவி எண்களைச் சேர்ப்பார்கள். மனிதர் வரும் இடத்துக்கு மட்டும் ஒரே ஒரு வரி: வருகை = 0.7. மாடலை ஓட்டிப் பார்த்தால் திட்டம் அமோகமாக வேலை செய்கிறது. களத்தில் அது பாதி அளவுகூட வேலை செய்வதில்லை.

அந்த ஒற்றை வரியை எப்படி விரித்து எழுதுவது என்பதுதான் இந்தக் கட்டுரை. கொஞ்சம் பைத்தான் தெரிந்திருந்தால் போதும். எக்செலிலும் சிறிய அளவில் செய்து பார்க்கலாம். உதாரணத்துக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை எடுத்துக்கொள்கிறேன். காரணம், நம் பக்கத்திலேயே நடந்த ஒரு பெரிய ஆய்வு இருக்கிறது. 2000-இல் திண்டுக்கல் மாவட்டத்தில் தொடங்கி, 2007-இல் லான்செட் இதழில் வெளியானது. 114 ஊர்த்தொகுதிகளைச் சீட்டுக் குலுக்குவதுபோல் இரண்டாகப் பிரித்து, 57 தொகுதிகளில் 30 முதல் 59 வயதுப் பெண்களுக்கு ஒரே ஒரு முறை வி.ஐ.ஏ. பரிசோதனை செய்தார்கள். மற்ற 57 தொகுதிகள் ஒப்பீட்டுக்கு. வி.ஐ.ஏ. என்பது கர்ப்பப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி, ஒரு நிமிடம் பொறுத்து, வெள்ளைத் திட்டு தெரிகிறதா என்று வெறும் கண்ணால் பார்ப்பது. பயிற்சி பெற்ற செவிலியரே செய்துவிடலாம்.

அந்த ஆய்வின் எண்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், கடைசிவரை தேவைப்படும். அழைக்கப்பட வேண்டியவர்கள் 49,311 பேர். பரிசோதனை செய்துகொண்டவர்கள் 31,343 பேர், அதாவது 63.6 சதவீதம். அவர்களில் 3,088 பேருக்கு பாசிட்டிவ். கால்போஸ்கோப்பி (கர்ப்பப்பை வாயை உருப்பெருக்கியால் பார்ப்பது) வரை போனவர்கள் 3,052 பேர். புற்றுக்கு முந்தைய மாற்றம் இருந்தது 1,874 பேருக்கு, அவர்களில் சிகிச்சை பெற்றவர்கள் 72 சதவீதம். 2006 வரை பின்தொடர்ந்தபோது, ஒப்பீட்டுத் தொகுதிகளைவிடப் புதிய புற்றுநோய் 25 சதவீதமும் இறப்பு 35 சதவீதமும் குறைந்திருந்தன.

முதலில் கேள்வியை முடிவு செய்யுங்கள்

நடத்தையை எவ்வளவு நுணுக்கமாக மாடல் செய்ய வேண்டும் என்பது கேள்வியைப் பொறுத்தது. "வி.ஐ.ஏ. நல்லதா, ஹெச்.பி.வி. டி.என்.ஏ. பரிசோதனை (இந்தப் புற்றை உண்டாக்கும் வைரஸைத் தேடுவது) நல்லதா?" என்று இரண்டு கருவிகளை மட்டும் ஒப்பிடுவதாக இருந்தால், எல்லோரும் தவறாமல் வருவதாக வைத்துக்கொள்வதில் ஒரு நியாயம் உண்டு. அமெரிக்காவில் பெருங்குடல் புற்றுநோய் ஸ்கிரீனிங் பரிந்துரைகளுக்குப் பின்னால் இருக்கும் சிஸ்நெட் (புற்றுநோய் மாடல் எழுதும் ஆய்வுக் குழுக்களின் கூட்டமைப்பு) மாடல்கள் அப்படித்தான் செய்கின்றன. நூற்றுக்கு நூறு வருகை, நூற்றுக்கு நூறு தொடர் பரிசோதனை. எந்த முறையால் அதிகபட்சம் எவ்வளவு பலன் கிடைக்கும் என்பதுதான் அங்கே கேள்வி.

அதே மாடலை எடுத்துக்கொண்டு "இந்த மாவட்டத்துக்கு எத்தனை முகாம் போட வேண்டும்?" என்று கேட்டால் கதை கந்தலாகிவிடும். ஆண்டுதோறும் மலப் பரிசோதனை செய்வதும், பத்து ஆண்டுக்கு ஒருமுறை கொலோனோஸ்கோப்பி செய்வதும் காகிதத்தில் கிட்டத்தட்ட சமமான பலன் தரும். ஆனால் முதலாவதற்கு ஒருவர் பத்து முறை மனது வைக்க வேண்டும், இரண்டாவதற்கு ஒரே முறை. வருகையை உண்மைக்கு நெருக்கமாக வைத்தவுடன் எது முந்துகிறது என்பதே மாறலாம்.

ஆகவே ஒரு தாளில் உங்கள் கேள்வியை ஒரு வாக்கியமாக எழுதுங்கள். அதில் அழைப்பு, வருகை, தொடர் சிகிச்சை, இடைவெளி, செலவு ஆகியவற்றில் ஏதாவது ஒன்று வந்தாலே நடத்தையை விரித்து எழுத வேண்டியதுதான்.

பாதையை வரையுங்கள்

அடுத்து, ஒரு பெண் பட்டியலில் இடம்பெறுவது முதல் சிகிச்சை முடிவது வரை என்னென்ன நடக்க வேண்டும் என்று வரையுங்கள். பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். அழைப்பு அவரிடம் போய்ச் சேர வேண்டும். அவர் வரத் தீர்மானிக்க வேண்டும். வந்த அன்று பரிசோதனை செய்ய முடிய வேண்டும். முடிவு அவருக்குத் தெரிய வேண்டும். பாசிட்டிவ் என்றால் அடுத்த இடத்துக்குப் போக வேண்டும். சிகிச்சைக்குச் சம்மதிக்க வேண்டும். ஓராண்டு கழித்து மறுபடி வந்து காட்ட வேண்டும்.

இதில் ஒவ்வொரு அம்புக்குறியும் ஒரு நிகழ்தகவு. எல்லாவற்றையும் "வருகை" என்ற ஒரே பெட்டிக்குள் திணித்தால், எந்த இடத்தில் ஆட்கள் உதிர்கிறார்கள் என்பது தெரியாமல் போய்விடும். ஒரு கிராம சுகாதார செவிலியரோடு உட்கார்ந்து இந்தப் படத்தைக் காட்டுங்கள். நீங்கள் வரையாமல் விட்ட அம்புகளை அவர் சொல்வார். அப்படிப் பேசினால் வழக்கமாகக் கிடைக்கும் காரணங்களும், மாடலில் அவை போய்ச் சேரும் இடங்களும் இவை:

"வீடு பூட்டியிருந்தது." திருப்பூர் பக்கம் மில் வேலைக்குக் குடும்பத்தோடு போய்விட்ட வீடு. இது வர மறுத்தது ஆகாது. அழைப்பே போய்ச் சேரவில்லை.

"கர்ப்பப்பையை எடுத்தாச்சும்மா." கர்ப்பப்பை நீக்கிய பெரும்பாலோருக்கு இந்தப் பரிசோதனையே தேவையில்லை. அவர்கள் வகுக்கும் எண்ணிலிருந்து வெளியேற வேண்டும். ஆந்திரா, தெலங்கானா போல இந்த அறுவை சிகிச்சை அதிகம் நடக்கும் இடங்களில் இதைக் கவனிக்காவிட்டால் வருகை விகிதம் உண்மையைவிடக் குறைவாகத் தெரியும்.

"இன்னிக்கு முடியாது, தள்ளிப்போட்டுக்கறேன்." மாதவிலக்கு நாள். அன்று வி.ஐ.ஏ. செய்வதில்லை. 28 நாளில் 5 நாள் என்று வைத்தால், மாதவிலக்கு நிற்காத பெண்களில் ஏறக்குறைய ஆறில் ஒருவருக்கு, ஒரே நாள் நடக்கும் முகாம் என்பது தொடக்கத்திலேயே கைநழுவிய முகாம். இவர்களுக்கு மனத்தடை எதுவும் இல்லை. இரண்டு வாரம் கழித்து இன்னொரு நாள் வைத்தால் வந்துவிடுவார்கள். அந்த இரண்டாவது நாளின் மதிப்பைக் கணக்கிட உங்கள் மாடலால் முடிய வேண்டும்.

"நூறு நாள் வேலை போயிடும்." நேரமும் கூலியும்.

"எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே." இதுதான் உண்மையான நாட்டமின்மை. கூச்சம், பயம், "வீட்டில் கேட்டுச் சொல்றேன்" எல்லாம் இதன் அக்கம்பக்கத்தில் வரும்.

ஐந்து பேரும் பதிவேட்டில் ஒரே மாதிரி "வரவில்லை" என்றுதான் இருப்பார்கள். மாடலில் இவர்களைப் பிரித்துவைத்தால்தான், எந்த மாற்றம் யாரைக் கொண்டுவரும் என்று பிறகு கேட்க முடியும்.

ஆளுக்கொரு அட்டை

இப்போது ஒவ்வொரு செயற்கைப் பெண்ணுக்கும் என்னென்ன விவரம் வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். ஆசைப்பட்டு முப்பது விவரம் வைக்க வேண்டாம். வயது, கர்ப்பப்பை இருக்கிறதா, ஊரில் இருக்கிறாரா, முகாம் எவ்வளவு தொலைவு, வருகை நாட்டம், நோய் அபாய அளவு, இதுவரை எத்தனை முறை பரிசோதித்தார், கடைசி அனுபவம் என்ன. தொடங்குவதற்கு இது போதும். தரவே கிடைக்காத விவரத்தை அட்டையில் சேர்த்தால், அதற்கு நீங்களே ஓர் எண்ணைக் கற்பனை செய்ய நேரும். அந்தக் கற்பனை பிறகு முடிவில் "கண்டுபிடிப்பு" என்று வெளியே வரும். இதை நிறையப் பார்த்தாயிற்று.

வருகை நாட்டம்: இங்கேதான் நிதானமாக இருக்க வேண்டும்

ஒரு மாவட்டத்தில் ஒவ்வொரு சுற்றிலும் 60 சதவீதம் பேர் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் மூன்று சுற்றுகள். ஒருமுறைகூட வராதவர்கள் எத்தனை பேர்?

புதியவர்கள் எழுதும் நிரலில் ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொருவருக்கும் புதிதாக ஒரு ரேண்டம் எண் எடுத்து, அது 0.6-க்குக் கீழே இருந்தால் வந்ததாக வைப்பார்கள். அப்படியானால் மூன்று முறையும் வராதவர்கள் 0.4 × 0.4 × 0.4, அதாவது 6.4 சதவீதம். பத்தாயிரம் பேரில் 640 பேர்.

இப்போது வேறு மாதிரி யோசியுங்கள். பாதிப் பேர் வழக்கமாக வருகிறவர்கள், அவர்களுக்கு நிகழ்தகவு 0.9. மறுபாதி தயங்குகிறவர்கள், 0.3. சராசரி அதே 0.6-தான். ஒவ்வொரு சுற்றின் பதிவேட்டிலும் அதே 60 சதவீதம்தான் தெரியும். ஆனால் ஒருமுறைகூட வராதவர்கள் 17.2 சதவீதம். பத்தாயிரத்தில் 1,720 பேர், முன்னதைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல். வருகிறவர் என்றும் வருவார், வராதவர் என்றும் வரமாட்டார் என்ற எல்லை நிலையில் அது 40 சதவீதம்.

மூன்று மாடல்களும் ஆண்டறிக்கைக்கு ஒரே எண்ணைத்தான் தரும். எது உங்கள் மாவட்டம் என்று அறிய "இந்த ஆண்டு எத்தனை சதவீதம்" என்ற கணக்கு உதவாது. தேவைப்படுவது இரண்டு எண்கள்: போன சுற்றுக்கு வந்தவர்களில் இந்தச் சுற்றுக்கும் வந்தவர்கள் எத்தனை சதவீதம், போன சுற்றுக்கு வராதவர்களில் இந்தச் சுற்றுக்கு வந்தவர்கள் எத்தனை சதவீதம். இரண்டும் 60 என்றால் முதல் மாடல் சரி. மேலே சொன்ன இருவகை மக்கள் மாடலில் அவை 75-உம் 37.5-உம் ஆக வரும். ஆகவே தரவு கேட்டுப் போகும்போது சுற்றுவாரியான மொத்தங்களோடு திரும்பி வராதீர்கள். ஒரே ஆளின் பதிவை இரண்டு சுற்றுகளில் இணைத்துப் பார்க்க முடிகிறதா என்று கேளுங்கள். அடையாள எண் வேண்டாம், பெயர் வேண்டாம், இணைத்து எண்ணிய நான்கு கட்டங்கள் போதும்: வந்து-வந்தவர், வந்து-வராதவர், வராமல்-வந்தவர், வராமல்-வராதவர்.

இரண்டே வகை என்பது மொட்டையாகத் தோன்றினால் பீட்டா பரவலை (இரண்டு அளவுருக்களால் வடிவம் மாறும் ஒரு நிகழ்தகவுப் பரவல்) பயன்படுத்துங்கள். ஒவ்வொருவருக்கும் பிறக்கும்போதே 0-க்கும் 1-க்கும் நடுவில் ஒரு நாட்டத்தை எடுத்து அட்டையில் எழுதிவிட வேண்டும். அது அவரோடேயே இருக்கும். அளவுருக்கள் 1.2, 0.8 என்று வைத்தால் சராசரி 0.6. போன முறை வந்தவர் மறுபடி வருவது 73 சதவீதம், வராதவர் வருவது 40 சதவீதம். மூன்று முறையும் வராதவர் 16.8 சதவீதம். இரண்டு அளவுருக்களையும் ஒரே விகிதத்தில் பெரிதாக்கினால் மக்கள் எல்லோரும் ஒரே மாதிரி ஆகிவிடுவார்கள், சிறிதாக்கினால் பிளவு கூடும். உங்கள் நான்கு கட்டங்களோடு பொருந்தும்வரை சரி செய்துகொள்ளுங்கள்.

நிரலில் இது இப்படி அமையும்:

பெண் உருவாகும்போது, ஒரே முறை:
  நாட்டம் = பீட்டா(1.2, 0.8)

ஒவ்வொரு சுற்றிலும்:
  உயிரோடு இல்லை அல்லது கர்ப்பப்பை இல்லை என்றால்: பட்டியலில் சேர்க்காதே
  அழைப்பு சேரவில்லை என்றால்: "சேரவில்லை" என்று எழுது, நிறுத்து
  நாட்டத்தோடு தொலைவு, கூலி, கடைசி அனுபவம் சேர்த்து இன்றைய நிகழ்தகவைக் கணக்கிடு
  ரேண்டம் எண் அதைவிடக் குறைவு என்றால்: வந்தார்
  மாதவிலக்கு நாள் என்றால்: "தள்ளிப்போனது" என்று எழுது, அடுத்த நாள் இருந்தால் அதற்கு அனுப்பு

இன்றைய நிகழ்தகவைக் கணக்கிடும் வரியில் கவனம் தேவை. நாட்டத்தோடு மற்ற காரணங்களை நேரடியாகக் கூட்டினால் நிகழ்தகவு 1-ஐத் தாண்டும், அல்லது பூஜ்ஜியத்துக்குக் கீழே போகும். லாஜிட் அளவுக்கு, அதாவது log(p/(1−p)) ஆக, மாற்றி, அங்கே கூட்டிக் கழித்து, பிறகு திரும்ப மாற்றுங்கள். இன்னொன்று: காரணங்களைச் சேர்த்த பிறகு சராசரி வருகை 60-லிருந்து நகர்ந்துவிடும். எனவே பீட்டா அளவுருக்களை எல்லாம் சேர்த்த மாடலை ஓட்டிப் பார்த்து மறுபடி சரி செய்ய வேண்டும்.

வராதவருக்கும் நோய்க்கும் உள்ள முடிச்சு

வராதவர்களின் நோய் அபாயமும் வருகிறவர்களின் அபாயமும் ஒன்றுதானா? பெரும்பாலான ஸ்கிரீனிங் திட்டங்களில் இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்கிறவர், வசதி உள்ளவர், மருத்துவமனைக்குப் போய்ப் பழகியவர் முதலில் வருவார்.

மேலே சொன்ன இருவகை மக்களில், தயங்குகிறவர்களுக்கு அபாயம் இரட்டிப்பு என்று வையுங்கள். ஒரு சுற்று முடிந்ததும் பெண்களில் 60 சதவீதம் பேரைப் பார்த்திருப்பீர்கள். ஆனால் நோயில் பாதியைத்தான் பார்த்திருப்பீர்கள். வருகைப் பதிவேடு இந்தப் பத்து சதவீத இடைவெளியை ஒருபோதும் காட்டாது.

நிரலில் இதற்கு எளிய வழி, ஒவ்வொருவருக்கும் கண்ணுக்குத் தெரியாத ஒரு பொதுக் காரணியை வைத்து, அதிலிருந்தே நாட்டமும் அபாயமும் பிறக்கும்படி செய்வது. தொடர்பின் வலிமைக்கு ஒரே ஓர் அளவுரு. அதைப் பூஜ்ஜியத்தில் வைத்து ஒருமுறை, நடுத்தரமாக வைத்து ஒருமுறை, வலுவாக வைத்து ஒருமுறை ஓட்டுங்கள். சரியான மதிப்பு தெரியாவிட்டாலும், முடிவு அதற்கு எவ்வளவு ஆடுகிறது என்பது தெரிந்துவிடும்.

எதிர்த்திசையில் இழுக்கும் ஒன்றும் உண்டு. வெள்ளைப்படுதலோ இடையில் இரத்தக்கசிவோ இருப்பவர்கள், "முகாம் வந்திருக்கு, காட்டிப் பார்ப்போம்" என்று அதற்காகவே வருவார்கள். இவர்கள் ஸ்கிரீனிங்குக்கு வந்தவர்கள் கிடையாது, அறிகுறியோடு வந்த நோயாளிகள். முகாம் இல்லாவிட்டாலும் ஏதோ ஒரு நாள் மருத்துவமனைக்குப் போயிருப்பார்கள். அதனால் மாடலில் இரண்டு வாசல்கள் வேண்டும்: அழைப்பு வாசல், அறிகுறி வாசல். இரண்டாவது இல்லாமல் எழுதினால் ஸ்கிரீனிங் இல்லாத உலகத்தில் யாருமே மருத்துவரைப் பார்ப்பதில்லை என்றாகி, திட்டத்தின் பலன் ஊதிப்பெருக்கும்.

பாசிட்டிவ் வந்த பிறகு

மூன்று முறை வரவேண்டிய ஏற்பாடு என்றால், ஒவ்வொரு படியிலும் நூற்றுக்கு எண்பது பேர் தொடர்ந்தாலும் கடைசியில் மிஞ்சுவது 51 பேர். அதனால்தான் குறைந்த வசதியுள்ள இடங்களில், பார்த்த அன்றே தகுதியானவர்களுக்குச் சிகிச்சையும் செய்துவிடும் முறை பேசப்படுகிறது. திண்டுக்கல் எண்களில் எந்தப் படியில் உதிர்ந்தார்கள் என்பது அப்பட்டமாகத் தெரிகிறது: பாசிட்டிவ் ஆன 3,088 பேரில் 36 பேர்தான் கால்போஸ்கோப்பிக்கு முன் விடுபட்டார்கள். சிகிச்சைப் படியிலோ நான்கில் ஒருவருக்கு மேல் விடுபட்டிருக்கிறார்கள்.

ஒரு கைக்கணக்குப் போட்டுப் பாருங்கள். வந்தவர் 63.6 சதவீதம், கண்டறியப்பட்டவர்களில் சிகிச்சை பெற்றவர் 72 சதவீதம். பெருக்கினால் 45.8. அதாவது வி.ஐ.ஏ. ஒருவரைக்கூடத் தவறவிடவில்லை, வராதவர்களின் அபாயமும் வந்தவர்களுடையதும் ஒன்றே என்று தாராளமாக வைத்தாலும், புற்றுக்கு முந்தைய மாற்றம் இருந்த பெண்களில் பாதிக்கும் குறைவானவர்களைத்தான் அந்தச் சுற்று தொட்டிருக்க முடியும். இந்த 45.8-ஐ வைத்துக்கொண்டு மேலே சொன்ன 25 சதவீதக் குறைவைப் பாருங்கள். பரிசோதனை தவறவிட்டவர்களும், அழைக்கும்போதே புற்று தொடங்கிவிட்டவர்களும் சேர்ந்தால் அந்த இடைவெளி புரியும். முழு மாடல் எழுதுவதற்கு முன் இப்படி ஒரு தாளில் மேல்வரம்பைக் கணக்கிட்டு வைத்துக்கொள்வது நல்ல பழக்கம். மாடல் அதைத் தாண்டினால் நிரலில் எங்கோ பிழை.

சிகிச்சைப் படியின் நிகழ்தகவை வருகை நாட்டத்தோடு இணைப்பதா வேண்டாமா என்ற கேள்வி வரும். என் கருத்து: பலவீனமாக இணையுங்கள். முகாமுக்குத் தானாக வந்தவர் சிகிச்சைக்கும் வர வாய்ப்பு கூடுதல்தான். ஆனால் "புற்றுநோய்" என்ற சொல் காதில் விழுந்த பிறகு ஆள் மாறிவிடுகிறார். சிலர் அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுவார்கள், சிலர் அந்தப் பக்கமே தலைவைக்க மாட்டார்கள். தனியாரிடம் போய்ச் சிகிச்சை எடுத்தவர் திட்டத்தின் பதிவேட்டில் "தொடரவில்லை" என்று இருப்பார். அவருக்குத் தனி நிலை கொடுங்கள்.

அனுபவம் நினைவில் நிற்கும்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் நல்ல தரவு குறைவு. முதல் சுற்றில் வலித்தது, யாரோ கடுகடுத்துப் பேசினார்கள், பாசிட்டிவ் என்று பயமுறுத்திவிட்டுக் கடைசியில் ஒன்றுமில்லை என்றார்கள் என்றால் அடுத்த சுற்றில் நாட்டம் குறையும். நெகட்டிவ் வந்தவர்களில் சிலர் "ஒருமுறை பார்த்தாச்சு, போதும்" என்று நிறுத்திக்கொள்வார்கள். அட்டையில் "கடைசி அனுபவம்" என்ற ஓர் இடம், அதற்கு லாஜிட் அளவில் ஒரு சிறு கூட்டலோ கழித்தலோ போதும். அதற்கு மேல் மனவியல் கோட்பாடுகளையெல்லாம் நிரலாக்கப் போக வேண்டாம். அளவுரு பெருகும், தரவு பெருகாது.

ரேண்டம் எண்களைப் பிரித்துவையுங்கள்

இது தொழில்நுட்பச் சங்கதி, ஆனால் புதியவர்களின் வாரக்கணக்கான நேரத்தைத் தின்பது இதுதான். முகாம் ஒரு நாள், முகாம் இரண்டு நாள் என்று இரண்டு திட்டங்களை ஒப்பிடுகிறீர்கள். எல்லோருக்கும் பொதுவாக ஒரே ரேண்டம் எண் வரிசையைப் பயன்படுத்தினால், இரண்டாவது நாளுக்கு ஒரு பெண் வந்த உடனே அவருக்குக் கூடுதலாக ஓர் எண் செலவாகும். அதன் பிறகு வரிசையில் உள்ள அத்தனை பேருக்கும் எண்கள் ஓர் இடம் தள்ளிப்போகும். வள்ளி முகாமுக்கு வந்த காரணத்தால் எங்கோ இருக்கும் செல்விக்குப் புற்றுநோய் வரும். கிடைக்கும் வித்தியாசத்தில் எது முகாமின் பலன், எது சும்மா இரைச்சல் என்று பிரிக்க முடியாது.

தீர்வு: ஒவ்வொரு பெண்ணுக்கும் தனி விதை எண் (ரேண்டம் வரிசையைத் தொடங்கிவைக்கும் எண்). அதற்குள்ளும் நோய்க்கு ஒரு வரிசை, நடத்தைக்கு ஒரு வரிசை. பைத்தானின் நம்பை (NumPy) நூலகத்தில் விதை வரிசைகளைக் கிளைபிரிக்கும் வசதி இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். இப்படிச் செய்தால் இரண்டு திட்டங்களிலும் அதே பெண், அதே உடம்பு, வேறு முகாம் என்று ஒப்பிடலாம். மிகக் குறைந்த ஓட்டங்களிலேயே தெளிவான விடை வரும்.

நோய்ப் பகுதியை நீங்களே எழுத வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பைத்தானில் திறமூலமாகக் கிடைக்கும் ஹெச்.பி.வி.சிம் போன்ற நூலகத்தை எடுத்து, அதன் ஸ்கிரீனிங் பகுதியில் உங்கள் வருகை விதியை மாட்டலாம். அதில் இயல்பாக வரும் வருகை விதி என்ன அனுமானத்தில் இருக்கிறது என்று மட்டும் நிரலைத் திறந்து படித்துவிடுங்கள்.

எண்களை எங்கிருந்து எடுப்பது

தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்று, 2019–21, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு எப்போதாவது பரிசோதித்தீர்களா என்று 30–49 வயதுப் பெண்களைக் கேட்டது. இந்திய அளவில் ஆம் என்றவர்கள் 2 சதவீதத்துக்கும் குறைவு, தமிழ்நாட்டில் ஏறத்தாழ 10 சதவீதம். உலக சுகாதார நிறுவனம் 2030-க்குள் எட்டச் சொல்லும் இலக்கு 70 சதவீதம், அதுவும் 35 வயதுக்குள் ஒருமுறை, 45 வயதுக்குள் இன்னொரு முறை, உயர்தரமான பரிசோதனையில். தொடக்கப் புள்ளிக்கும் இலக்குக்கும் இருக்கும் இந்தத் தூரத்தைக் கவனியுங்கள். 10 சதவீதத்தில் வந்தவர்களின் குணத்தை 70 சதவீதத்துக்கு நீட்ட முடியாது. முதலில் வந்த பத்துப் பேர் எளிதில் வரக்கூடியவர்கள். பீட்டா பரவலின் மறுமுனையில் இருப்பவர்களைத்தான் இனி கொண்டுவர வேண்டும்.

கணக்கெடுப்பில் வாயால் சொன்ன பதிலைப் பதிவேட்டோடு ஒப்பிடாமல் நம்ப வேண்டாம். பரிசோதித்தேன் என்று சொல்பவர்களின் எண்ணிக்கை உண்மையைவிடக் கூடுதலாக இருப்பது பல நாடுகளில் பார்க்கப்பட்ட விஷயம். பிரசவத்தின்போது செய்த உள்பரிசோதனையைச் சிலர் இதுவென்று நினைத்துக்கொள்வதும் உண்டு.

சரிபார்ப்பு

முதலில் ஓரங்களைத் தட்டிப் பாருங்கள். வருகையைப் பூஜ்ஜியமாக வைத்தால் முடிவு ஒப்பீட்டுத் தொகுதியோடு கடைசி இலக்கம்வரை பொருந்த வேண்டும் (ரேண்டம் வரிசைகளைப் பிரித்திருந்தால் பொருந்தும்). வருகையையும் சிகிச்சையையும் 1 ஆக்கினால் அந்தப் பரிசோதனையின் உச்சப் பலன் வர வேண்டும்.

அப்புறம், பத்துப் பெண்களின் வாழ்க்கையை வரி வரியாக அச்சிட்டு உட்கார்ந்து படியுங்கள். "34 வயது, அழைப்பு சேர்ந்தது, வரவில்லை. 39, வந்தார், தள்ளிப்போனது. 39, வந்தார், பாசிட்டிவ். 40, சிகிச்சை. 41, மறுபார்வைக்கு வரவில்லை." படிக்கும்போது இப்படி ஒரு பெண் இருக்க முடியும் என்று தோன்ற வேண்டும். இறந்தவருக்கு அழைப்பு போவது, கர்ப்பப்பை நீக்கியவருக்கு பாசிட்டிவ் வருவது, பாசிட்டிவ் ஆகாமலே சிகிச்சை பெறுவது போன்றவை எந்த வரைபடத்திலும் தெரியாது, இந்தப் பத்து வரலாறுகளில் தெரிந்துவிடும்.

மூன்றாவதாக, திண்டுக்கல் ஆய்வை மாடலுக்குள் நடத்துங்கள். அதே வயது, ஒரே சுற்று, ஏழாண்டுப் பின்தொடர்தல். வருகை, பாசிட்டிவ் விகிதம், சிகிச்சை விகிதம் ஆகியவற்றுக்குப் பொருத்திவிட்டு, புற்றுநோய் 25 சதவீதம், இறப்பு 35 சதவீதம் குறைவதைப் பொருத்தாமல் விட்டுவையுங்கள். அவை தானாக அந்தப் பக்கம் வருகின்றனவா என்று பாருங்கள். ஆய்வின் கணிப்புக்கே அகலமான வரம்பு உண்டு: புற்றுநோய்க்கு 5 முதல் 45 சதவீதம்வரை. எனவே இலக்கம் தவறாமல் பொருந்தவில்லையே என்று அளவுருக்களைத் திருகிக்கொண்டிருக்க வேண்டாம். ஒப்பிடும்போது வந்தவர்களை மட்டும் எடுக்காமல், அழைக்கப்பட்ட எல்லோரையும் எடுங்கள். ஆய்வும் அப்படித்தான் எண்ணியது.

மாற்றங்களைச் சோதிப்பது

இப்போதுதான் "மாலை நேர முகாம் வைத்தால்?", "வீட்டிலேயே மாதிரி எடுத்துக்கொள்ளும் ஹெச்.பி.வி. கிட் கொடுத்தால்?" என்ற கேள்விகளுக்கு வரலாம். ஒவ்வொரு மாற்றமும் எந்த அம்புக்குறியைத் தொடுகிறது என்று முதலில் எழுதுங்கள். மாலை முகாம் கூலிக் காரணத்தை மட்டும் தொடும். கிட், தொலைவையும் கூச்சத்தையும் தொடும், ஆனால் பாசிட்டிவ் ஆனவர் மருத்துவமனைக்கு வர வேண்டிய அடுத்த படியை இன்னும் நீளமாக்கும், ஏனென்றால் அவர் இன்னும் எந்தச் செவிலியரையும் சந்திக்கவில்லை. இரண்டு நாள் முகாம், மாதவிலக்கால் தள்ளிப்போனவர்களை மீட்கும். "விழிப்புணர்வால் வருகை 20 சதவீதம் கூடும்" என்று பொத்தாம்பொதுவாக ஓர் எண்ணை யாராவது நீட்டினால், அது யாருடைய வருகை என்று கேளுங்கள். ஏற்கெனவே 0.9-இல் இருப்பவரை 0.98 ஆக்குவதும், 0.3-இல் இருப்பவரை 0.5 ஆக்குவதும் பதிவேட்டில் கலந்துதான் தெரியும்.

அளவு உறுதியாகத் தெரியாத இடத்தில் குறைந்தது, நடுத்தரம், அதிகம் என்று மூன்று மதிப்புகளில் ஓட்டி, மூன்றையும் அறிக்கையில் வையுங்கள். மாவட்ட அதிகாரியிடம் கொடுக்கும் அட்டவணையில் தடுக்கப்பட்ட புற்றுநோய், செலவு ஆகிய நெடுவரிசைகளுக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு சேருங்கள்: எல்லாச் சுற்றுகளும் முடிந்த பிறகும் ஒருமுறைகூட பரிசோதிக்கப்படாத பெண்கள் எத்தனை பேர், பாசிட்டிவ் ஆகியும் சிகிச்சை கிடைக்காதவர்கள் எத்தனை பேர். கூட்டத்தில் முதல் கேள்வி அநேகமாக இந்த இரண்டைப் பற்றித்தான் வரும். எந்த அம்புக்குறியில் உதிர்ந்தார்கள் என்ற பிரிவையும் அச்சிட்டுக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.